மலைக்கு அப்பால் கேட்ட வெடி

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் நாளில் நம் எல்லோருக்கும் ஒரே அவசரம். புனே நிலையத்தில் முண்டியடித்து ஏறி, பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளி, சன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அதுவே பெரும் வெற்றி. பிறகு கொஞ்ச நேரத்தில் தவுண்ட் சந்திப்பு வரும். ஒரு குவளைத் தேநீர் வாங்கிக் குடிப்போம். வண்டி நகரும். நம்மில் யாரும் அந்த ஊரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நான்கு வருஷமாக நானும் அப்படித்தான் போய் வந்தேன்.

இன்று அந்த ஊரைக் கடக்கும்போது என்னையறியாமல் எழுந்து வாசற்படியண்டை போய் நிற்கிறேன். காரணம் இதுதான். 1927-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சிற்றலையில் புறப்பட்ட கம்பியில்லாத் தந்தி, கடலையும் கண்டத்தையும் தாண்டி வந்து இறங்கிய இடம் அந்தத் தவுண்ட். இந்தியாவின் பதில் புறப்பட்ட இடம் நம் பல்கலைக் கழகத்துக்கு அண்டை வீடு போல இருக்கும் கட்கி. கிர்க்கி என்பது அந்நாளைய பெயர். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் குலீல்மோ மார்க்கோனி. அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதற்கு முன் என் சொந்தக் கதை சிறிது. அது இல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு முகாந்திரம் இல்லை.

என் ஊர் தென்காசிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அப்பா தபாலாபீசில் தந்தி அடித்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. அவர் வாழ்நாளெல்லாம் உழைத்த தந்திச் சேவையே 2013 ஜூலையில் நின்று போயிற்று. எனக்கு எழுத்துக் கற்பித்த நாளிலேயே மோர்ஸ் முறையையும் விரலால் திண்ணையில் தட்டிக் கற்பித்தவர் அவர். நான் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றதும், தம் சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கருவி வாங்கித் தந்தார். அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. காது மந்தமாவதற்குள், கடலுக்கு அப்பாலிருந்து யாரோ ஒருவர் கை அடிக்கும் மோர்ஸ் ஒலியைக் கேட்டுவிட வேண்டும். அதுவும் தம் சிற்றப்பா பிழைக்கப் போன ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வர வேண்டும்.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே முப்பதடி உயரத்தில் கம்பி கட்டினேன். இருபது மீட்டர் அலையில் ஜப்பான் வந்தது. சிங்கப்பூர் பக்கத்துத் தெருப்போல வந்தது. மேற்கே மட்டும் நிசப்தம். ஆப்பிரிக்கா இல்லை, ஐரோப்பா இல்லை. கருவிதான் மட்டம் என்று முடிவு கட்டினேன். அப்பா ஏமாற்றத்தை வெளியே காட்டவில்லை. ஆனால் இரவில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதை நிறுத்திவிட்டார். கருவியை விற்றுவிடலாம் என்று நான் எண்ணியிருந்த சமயத்தில்தான் நம் நூலகத்தில் மார்க்கோனியின் வரலாறு கைக்குக் கிடைத்தது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு மலை இருந்தது!

மார்க்கோனி 1874 ஏப்ரல் 25-ஆம் தேதி இத்தாலியில் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தை கியூசெப்பே நிலபுலன் உடையவர். தாய் ஆனி ஜேம்ஸன் அயர்லாந்துக்காரர். பொலோஞாவுக்கு வெளியே பொந்தேக்கியோ என்னும் இடத்தில் வில்லா கிரிஃபோன் என்ற அவர்கள் பண்ணை வீடு இருந்தது. பையன் பள்ளிக்கூடத்தில் பேர் வாங்கியவன் அல்லன். பல்கலைக் கழகப் படிப்பும் கிட்டவில்லை. ஆனால் மின்சாரம் என்றால் உயிர்.

1894-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி காலமானார். மின்காந்த அலைகள் உண்டு என்று கண்கூடாகக் காட்டியவர் அவர். அவரைப்பற்றிப் பொலோஞாப் பேராசிரியர் ரீகி எழுதிய அஞ்சலிக் கட்டுரையை இருபது வயது மார்க்கோனி படித்தார். இந்த அலைகளால் செய்தி அனுப்பினால் என்ன என்று தோன்றியது. வீட்டு மாடியறையே சோதனைச்சாலையாயிற்று. தந்தைக்கு இது வெட்டிவேலையாகப் பட்டது. தாய்தான் துணை நின்றார்.

முதலில் அறைக்குள் மணி அடித்தது. பிறகு தோட்டத்தில் அடித்தது. ஒரு நாள் அவர் ஓர் உலோகத் தகட்டை உயரத்தில் கட்டினார். கருவியின் மற்றொரு முனையைப் பூமியில் புதைத்தார். தூரம் மளமளவென்று கூடிவிட்டது. ஏரியலும் பூமித் தொடர்பும் சேர்ந்த அந்த இணைப்புத்தான் அவருடைய பெரிய படி. நிலமும் கருவியில் ஒரு பகுதி என்பதை அன்றே அவர் கைகள் அறிந்துகொண்டன.

வில்லாவுக்கு எதிரே செலஸ்தினி என்னும் குன்று இருக்கிறது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரை அண்ணன் அல்ஃபோன்ஸோ ஏற்கும் கருவியோடு நின்று, ஒலி வந்ததும் துணியை அசைத்துக் காட்டுவார். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனால் எப்படித் தெரிவிப்பது? 1895-இல் அண்ணன் குன்றுக்கு அப்பால் போனார். கையில் துணிக்குப் பதில் துப்பாக்கி. தம்பி மாடியறைச் சன்னலண்டை நின்று சாவியை அழுத்தினார். குன்றுக்கு அப்பாலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்த வரலாறு இது. தூரம் ஒன்றரை மைல் இருக்கலாம். குன்று மறைத்தும் அலை போயிற்று என்பதுதான் செய்தி.

நான் இங்கே படிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் குன்றை அலை தாண்டியது. என் மலையை ஏன் தாண்டவில்லை? விடை உடனே கிடைக்கவில்லை. அவருடைய மீதி வாழ்க்கை முழுவதும் அந்த விடைக்கான பாதையாகவே எனக்குப் பட்டது.

1896-இல் தாயும் மகனும் லண்டன் போனார்கள். அவ்வாண்டு ஜூன் 2-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தபால் இலாகாவின் தலைமை என்ஜினீயர் வில்லியம் பிரீஸ் அந்த இருபத்திரண்டு வயது இளைஞரை ஆதரித்தார். 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயின் கரையில் லாவர்னாக் முனையிலிருந்து, மூன்று மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் கடல் நடுவே இருக்கும் ஃபிளாட் ஹோம் தீவோடு பேசும் பரிசோதனை நடந்தது. இரண்டு நாள் முயன்றும் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஏற்கும் கருவியைப் பாறை உச்சியிலிருந்து கீழே கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பத்து உச்சியிலிருந்து வரும் கம்பியோடு இன்னும் சில கஜம் கம்பியைச் சேர்த்தார்கள். மே 13-ஆம் தேதி எழுத்துகள் தெளிவாக வந்து விழுந்தன. கருவி அதேதான். கம்பி நீண்டது, இடம் மாறியது, அவ்வளவே. சில நாளில் எதிர்க்கரை வரை, ஒன்பது மைல், செய்தி போயிற்று.

அதற்குப்பின் மார்க்கோனி கடலை விட்டு விலகவே இல்லை. 1899 மார்ச்சில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினார். அவருடைய நிலையங்களெல்லாம் கடலோரத்தில், பெரும்பாலும் பாறை முனைகளில் எழுந்தன. கப்பலோடு பேசுவதற்குக் கரைதான் வேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு நன்மையும் அதில் இருந்தது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதில் சாதாரண மண்ணைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வல்லது. செங்குத்தான கம்பியிலிருந்து புறப்படும் அலை வறண்ட தரைமேல் போனால் தரையே அதைக் குடித்துவிடும். கடல்மேல் போனால் தொடுவானத்தை ஒட்டியே தங்குதடையின்றி ஓடும். இன்றும் அமெச்சூர் வானொலிக்காரன் ஒருவன் சாதாரணக் கம்பியோடு கடற்கரைக்குப் போனால், உள்நாட்டில் வானளாவக் கோபுரம் கட்டியவனுக்குச் சமமாக நிற்க முடிகிறது.

அட்லாண்டிக்கைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் போல்டு என்ற இடத்தில், இருபது கம்பங்கள் வட்டமாக நிற்கும் பெரிய ஏரியல் கட்டினார். கம்பம் ஒவ்வொன்றும் 200 அடி. 1901 செப்டம்பரில் புயல் வந்து அத்தனையையும் சாய்த்தது. அமெரிக்கக் கரையில் கேப் காடில் கட்டியதையும் நவம்பரில் காற்று கொண்டுபோயிற்று. வேறொருவராக இருந்தால் ஓராண்டு ஒத்திப் போட்டிருப்பார். மார்க்கோனி போல்டுவில் இரண்டே கம்பங்களுக்கு நடுவே விசிறிபோல் கம்பிகளைத் தொங்கவிட்டு, தாம் நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறினார். அங்கே செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்துக்கு மேலே கடலைப் பார்த்து நிற்கிறது சிக்னல் குன்று. பலூனில் கம்பி கட்டினார். காற்று அறுத்துக்கொண்டு போயிற்று. காற்றாடியில் கட்டினார். டிசம்பர் 12-ஆம் தேதி நடுப்பகலில், பனிக்காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஐந்நூறடிக் கம்பியின் அடியில், காதில் வைத்த குழாயில் மூன்று புள்ளிகள் கேட்டதாக அவரும் உதவியாளர் கெம்ப்பும் சொன்னார்கள். தூரம் ஏறத்தாழ 2,200 மைல்.

உண்மையாகவே கேட்டதா? இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாவது சாட்சி இல்லை. எழுத்தில் பதிவாகவும் இல்லை. அவர் கையாண்ட நீண்ட அலை நடுப்பகலில் அவ்வளவு தூரம் போவது அரிது என்று பின்னாளில் ஆராய்ந்த பலர் சந்தேகித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு மார்க்கோனி விடை சொன்ன விதம் பிடித்திருக்கிறது. இரண்டே மாதத்தில் பிலடெல்பியா என்ற கப்பலில் ஏறி, போல்டு அனுப்பியதைக் காகித நாடாவில் பதிய வைத்து, கப்பல் தலைவரிடம் கையெழுத்து வாங்கினார். இரவில் 1,550 மைல் வரை செய்தியும், ஏறத்தாழ 2,100 மைல் வரை மூன்று புள்ளியும் பதிவாயின. பகலிலோ 700 மைலோடு சரி. பகலுக்கும் இரவுக்கும் உள்ள இந்த வேற்றுமையைக் கண்டு சொன்னதே பெரிய கொடை.

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. சிக்னல் குன்றில் அவர் காதோடு இணைத்திருந்தது பாதரசம் கொண்ட கோஹிரர். அதற்கு ஒப்பான ஒன்றை, தொலைபேசிக் குழாயோடு இணைத்துப் பயன்படுத்தும் முறையை, நம் ஜகதீச சந்திர போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதிய கட்டுரையில் விவரித்திருந்தார். கல்கத்தாவில் உழைத்த அந்த மேதைக்கு உரிய பெயர் வெகுகாலம் கிடைக்கவில்லை. மார்க்கோனியைப் பாராட்டும்போது போஸின் பெயரையும் சேர்த்தே சொல்வது நம் கடமை.

உருண்டையான பூமியைச் சுற்றி அலை எப்படி வளைந்து போயிற்று? 1902-இல் அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும், வானில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு அலையைத் திருப்பி அனுப்பக்கூடும் என்றார்கள். 1924-இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிறுவினார். இன்று அதை அயனி மண்டலம் என்கிறோம். பூமியிலிருந்து புறப்பட்ட அலை அங்கே மோதித் திரும்பி, மறுபடி பூமியில் பட்டு எழும்பித் தத்தித் தத்திப் போகிறது. குளத்தில் சில்லு எறிவதுபோல.

1907-இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளிஃப்டன் என்ற ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் பெரிய நிலையம் எழுந்தது. அதே நிலத்தில் வெட்டிய கரிமண்ணே அதற்கு விறகு. கண்டம் விட்டுக் கண்டம் வியாபாரத் தந்தி ஓடலாயிற்று. 1909-இல் பிரௌன் என்ற ஜெர்மானியரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார், வயது முப்பத்தைந்து. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது எழுநூற்றுச் சொச்சம் பேர் பிழைத்ததற்குக் கப்பலில் இருந்த அவர் கருவியே காரணம். அதே ஆண்டு செப்டம்பரில் மோட்டார் விபத்தில் அவர் வலது கண்ணை இழந்தார். அதற்காக அவர் வேலை ஓயவில்லை.

ஆனால் ஒரு தவறும் கூடவே வளர்ந்தது. அலை நீளமானால்தான் தூரம் போகும் என்று உலகமே நம்பிற்று, மார்க்கோனியும் நம்பினார். நிலையங்கள் பூதாகாரமாயின; அலைகள் ஆயிரக்கணக்கான மீட்டர் நீண்டன. எதற்கும் உதவாதவை என்று கருதப்பட்ட, 200 மீட்டருக்குக் குறைந்த அலைகளை அமெரிக்கச் சர்க்கார் 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிவிட்டது. விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஊர்ப்புறம்போக்கைக் கொடுத்தது போலத்தான்.

அந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்க அமெச்சூர், ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் அடித்து, 1,300 அடி நீளக் கம்பியை அமெரிக்காவை நோக்கித் தாழ்வாக இழுத்துக் கட்டி, தம் நாட்டு அமெச்சூர்களின் ஒலியைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சில் நீஸ் நகரத்து லெயோன் தெலுவா நூறு மீட்டரை ஒட்டிய அலையில் அமெரிக்காவோடு இருவழியாகப் பேசிவிட்டார்.

அதே 1923-இல் மார்க்கோனியும் தம் பாதையை மாற்றிக்கொண்டார். புகழும் பொருளும் பெற்ற ஐம்பதை நெருங்கும் ஒருவர், தாம் கால் நூற்றாண்டு கட்டியதெல்லாம் வேறு வழி என்று ஒப்புக்கொள்வது இலேசா? எலெத்ரா என்ற தம் கப்பலில் தென்கடல் நோக்கிப் புறப்பட்டார். போல்டுவிலிருந்து ஃபிராங்க்ளின் என்ற அவருடைய என்ஜினீயர் 97 மீட்டர் அலையில் அனுப்பிக்கொண்டிருந்தார். வெர்டே முனைத் தீவுகளில், 2,200 கடல் மைலுக்கு அப்பால், இரவில் ஒலி கணீரென்று வந்தது. 12 கிலோவாட் சக்தியை ஒரு கிலோவாட்டாகக் குறைத்தபோதும் வந்தது. இடையே கிடக்கும் பெருநிலங்கள் இந்த அலைக்குப் பெரிய தடை அல்ல என்ற முடிவுக்கும் அவர் வந்தார். 1924-இல் 32 மீட்டர் அலையைப் பகல் முழுதும் பெய்ரூத் துறைமுகத்தில் கேட்டார்.

அதன் பலன்தான் பிரிட்டிஷ் சர்க்காருக்காகக் கட்டிய கற்றை நிலையங்கள். ஃபிராங்க்ளின் வகுத்த முறை அது. உயர்ந்த கம்பங்களின் வரிசையில் திரைபோலக் கம்பிகள் தொங்கும். பின்னால் இன்னொரு திரை கண்ணாடிபோல அலையைத் திருப்பும். டார்ச் விளக்கின் வெளிச்சம் போல அலை ஒரே திசையில் போகும். 1926 அக்டோபரில் கனடாவும், 1927-இல் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும், அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியாவும் இணைந்தன. இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி அனுப்பிற்று, தவுண்ட் கேட்டது; கிர்க்கி அனுப்பிற்று, ஸ்கெக்னெஸ் கேட்டது. பகலில் சுமார் 16 மீட்டர், இரவில் சுமார் 34 மீட்டர் அலை. கடலடிக் கம்பிக் கம்பெனிகளின் வியாபாரம் ஆட்டங்கண்டு, 1929-இல் இரு தரப்பும் ஒன்றாக இணைய நேர்ந்தது.

இனி என் மலைக்கு வருகிறேன். சிற்றலைக்கு நடுவழியில் உள்ள மலை தடை அல்ல. அலை வானத்து வழியாக மலையைத் தாண்டிப் போகிறது. தடையாவது வீட்டு வாசலில் உள்ள மலை! நான் அதுவரை இதைப் பிரித்துப் பார்க்கவில்லை. தூர தேசத்துக்குப் போகும் அலை தரையோடு மூன்று முதல் பதினைந்து டிகிரி வரையான தாழ்ந்த கோணத்தில் புறப்பட வேண்டும். எங்கள் ஊருக்கு மேற்கே மூன்று மைலில், ஊரைவிட மூவாயிரம் அடி உயர்ந்து நிற்கிறது மலை முகடு. கணக்குப் போட்டால் பதினொரு டிகிரி. அதற்குக் கீழே உள்ள கோணமெல்லாம் அடைபட்டுப் போயிற்று. மூன்று டிகிரியில் வரும் அலை ஒரே தாவலில் 2,000 மைல் கடக்கும். பதினொரு டிகிரியில் 1,300 மைல்தான். தாவல் கூடக் கூட வலு குறையும். பொலோஞாவின் குன்று சிறியது. மார்க்கோனியின் அன்றைய அலை நீண்டது. தூரமும் ஒன்றரை மைல்தான். நீண்ட அலை குன்றின் விளிம்பில் வளைந்து இறங்கும். என் இருபது மீட்டர் அலைக்கு மூவாயிரம் அடி மலை பெருஞ்சுவர்.

முன்னால் உள்ள தரைக்கும் பங்கு உண்டு. கிடையாகக் கட்டிய கம்பியிலிருந்து அலை இருவழியாகப் போகிறது: ஒன்று நேரே, மற்றொன்று தரையில் பட்டுத் தெறித்து. இரண்டும் ஒத்துச் சேரும் கோணத்தில்தான் வலு. இருபது மீட்டர் அலைக்குப் பத்து மீட்டர் உயரத்தில் கம்பி இருந்தால் சமதரையில் அந்தக் கோணம் முப்பது டிகிரி. உயரத்தை இரட்டித்தால் பதினான்கரை. தரை முன்னால் பத்து டிகிரி சரிந்திருந்தால், கோணமும் ஏறக்குறைய அவ்வளவு தாழும். மேட்டில் சரிவைப் பார்த்துக் கட்டிய சிறு கம்பி, சமதரைக் கோபுரத்தை வெல்வது இதனால்தான். ஐந்து டிகிரிக் கோணத்தில் போகும் அலை தெறிக்கும் இடம், அந்தப் பத்து மீட்டர்க் கம்பிக்குச் சுமார் 115 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதைச் சுற்றிப் பல நூறு மீட்டர் நிலமும் அந்த வேலையில் சேர்கிறது. ஆக, ஏரியல் என்பது நம் வீட்டுக் கம்பி மட்டும் அல்ல. அக்கம்பக்கத்து வயலும் மேடும் அதில் அடக்கம்.

தவுண்டில் வாசற்படியண்டை நின்று மேற்கே பாருங்கள். வானம் தரையைத் தொடும் இடம் வரை வெட்டவெளி. சஹ்யாத்திரி வெகு தொலைவில் இருப்பதால் கோணக் கணக்கில் அது ஒரு வரப்பளவுகூட ஆகாது.

சென்ற கோடை விடுமுறையில் கருவியையும், ஒரு பாட்டரியையும், அதே கம்பியையும் கட்டிக்கொண்டு அப்பாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். மலையிலிருந்து பன்னிரண்டு மைல் கிழக்கே ஒரு குளத்தங்கரைக்குப் போனோம். அங்கே மலை முகடு மூன்று டிகிரிக்கும் தாழ்ந்துவிடும். இரண்டு பனைமரங்களில் அதே முப்பதடி உயரத்தில் கம்பியைக் கட்டினோம். உரிமத்தில் குறித்த இடம் வீடு. ஆகையால் அனுப்பவில்லை, கேட்க மட்டுமே செய்தோம். பொழுது சாய்ந்து அரை மணி ஆகியிருக்கும். மெல்லிய மோர்ஸ் ஒலி ஒன்று எழுந்தது. என் காகிதத்தைப் பார்க்காமலே அப்பா எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அழைப்புப் பெயரின் முதல் இரண்டு எழுத்து கென்யாவினுடையது. மறுநாளும் அதற்கு மறுநாளும் போனோம். மூன்று நாளும் மேற்குத் திசை பேசிற்று. கருவியை விற்கும் பேச்சு அதோடு ஒழிந்தது. வீட்டில் மேற்கு அடைபட்டால் என்ன, கிழக்கு திறந்திருக்கிறது என்று அப்பா இப்போது ஜப்பான்காரர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மார்க்கோனியின் கடைசிக் காலத்தையும் சொல்லி முடிக்கிறேன். அவர் மறுபடி புதிய அலைகளைத் தேடினார். 1932-இல் 57 சென்டிமீட்டர் அலையை ரோமுக்கு அருகே ரொக்கா தி பாபா மலையூரிலிருந்து அனுப்பி, 168 மைலுக்கு அப்பால் சார்தீனியாவில், தொடுவானத்துக்கும் அப்பால், கேட்டார். அவருடைய அரசியல் வாழ்க்கை நம்மால் போற்றத்தக்கது அன்று. 1923-இல் பாசிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். 1930-இல் முசோலினி அவரை இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவராக்கினார். அவருடைய மேதை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது நியாயம் ஆகாது.

1937 ஜூலை 20-ஆம் தேதி ரோமில் மாரடைப்பால் காலமானார். வயது அறுபத்து மூன்று. மறுநாள் பிரிட்டனின் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிஷம் மௌனமாயின. அவர் உடல் வில்லா கிரிஃபோனில், அந்தக் குன்றுக்கு எதிரே, துயில்கிறது.

நண்பர்களே, அலைகளின் சூத்திரம் அவருக்கு முழுவதும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்தவர்கள் அறைக்குள் இருந்தார்கள். அவர் கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கும் குன்றுக்கும் கப்பலுக்கும் போனார். ஒலி வராதபோது, தாம் நின்ற இடத்தையும் மாற்றிப் பார்த்தார். நான் இரண்டு வருஷம் கருவியையே குற்றம் சொல்லிக்கொண்டு, கண்ணெதிரே நின்ற மலையைக் காணவில்லை. அடுத்த முறை தவுண்டில் வண்டி நிற்கும்போது, தேநீர்க் குவளையோடு ஒரு கணம் இறங்கி அந்த வெட்டவெளியைப் பாருங்கள்.